ஆல்பேட்டையில் அவிழ்த்தது

நெல்லித்தோப்பு செலஸ்தின் பட்டறையில்
கிராங்க்கை வாங்கிக்கொண்டேன்.
இருபது தௌ கடைந்திருந்தார்.
ஓர் அங்குலத்தை ஆயிரமாய் அறுத்து
அதில் இருபது.
தலைமுடி கனம் கூட இல்லையே என்றேன்.
"எங்க கணக்குல அது கிணறு" என்றார்.

படுக்கப் போட்டால் வளையுமாம்.
உண்மையோ பொய்யோ,
பழைய வேட்டியில் சுற்றி
கடலூர் பஸ்ஸில் நிற்க வைத்தேன்,
இரண்டு முழங்காலுக்கும் நடுவே,
கையால் அணைத்து.
"சாமி சிலையா?" என்றார் கண்டக்டர்.
லக்கேஜுக்குத் தனி டிக்கெட் கிழித்தார்.

முள்ளோடையோடு ஒயின் ஷாப் போர்டுகள் முடிந்தன.
பெண்ணையாற்றுப் பாலத்தில் உப்புக்காற்று.
ஆல்பேட்டையில் ஒரு கான்ஸ்டபிள் ஏறினார்.
துணி சுற்றிய நீளம்,
கட்டிப்பிடித்திருக்கும் ஆள்.
பாண்டியிலிருந்து வருகிற ஒருவன்
வேறு எதை
இத்தனை ஆசையாய்க் கட்டிப்பிடிப்பான்?
"இறங்கு."

மணல் மூட்டை மேல் கிடத்தி அவிழ்த்தார்.
எண்ணெய் மினுக்கும் ஜர்னலை
முகர்ந்து பார்த்தார்.
ஷெல் டப்பாவையும் திறந்தார்.
ஒவ்வொரு பிறையாய் எடுத்து
வெயிலில் திருப்பி
மூட்டை மேல் வரிசையாய் வைத்தார்.
"எதுக்கு இதெல்லாம்?"
"ஹெரால்டு கார் சார். அறுபத்தெட்டு மாடல்."
"ஓடுதா?"
"இன்னும் இல்ல."
"சரி, போ."
பஸ் எப்போதோ போயிருந்தது.

ஆஸ்பத்திரி எக்ஸ்ரே அறையில் எனக்குப் பகல் டியூட்டி.
உடைந்த எலும்புகள் மாலையோடு தீரும்.
வண்டிப்பாளையம் ஷெட்டில் ராத்திரிதான்
தலைகீழாய்க் கிடந்தது பிளாக்.
எண்ணெய்த் துளைகளில் கம்பித் தூரிகை விட்டு
துணி சோப்பு நுரையில் கழுவி
வெள்ளைத் துணி வெள்ளையாய் வரும்வரை துடைத்திருந்தேன்.
இடைவெளி பார்க்கும் பச்சை மெழுகு நூல்
ஊரில் கிடைக்கவில்லை. விட்டுவிட்டேன்.

துறைமுகத்தில் ஐஸ் கணக்கு எழுதிவிட்டு வந்த அஞ்சலாட்சி
ஒரு முனையைப் பிடித்தாள்.
"குழந்தையக் குளிப்பாட்ட இறக்குற மாதிரி" என்றேன்.
"பேசாம இறக்கு" என்றாள்.
இறங்கியது.
கொழகொழவென்று, ஒரு பெருமூச்சு கூட இல்லாமல்.

பின் கேப். டார்க் ரெஞ்ச் ஐம்பத்தைந்தில் டிக் என்றது.
சுற்றினேன், சுற்றியது.
முன் கேப். டிக். சுற்றியது.
நடுக் கேப். டிக்.
நின்றது.
இரண்டு கையால் இழுத்தேன்.
சுவரை இழுப்பதுபோல்.
நடுவைத் தளர்த்தினால் சுற்றும்,
இறுக்கினால் நிற்கும்.
மூன்று முறை தளர்த்தி, மூன்று முறை இறுக்கி,
கிரைண்டரைத் திட்டினேன்,
காரை விற்றவனைத் திட்டினேன்,
அஞ்சலாட்சியைத் திட்ட வாயெடுத்து
நல்லவேளை
கேப்பைக் கழற்றினேன்.

ஷெல்லின் வழுவழுப்பில் கடுகளவு ஒரு பளபளப்பு.
முதுகுப் பக்கம் திருப்பினேன்.
அங்கே
ஒரு மணல்.

பிளாக்கை நான்கு முறை துடைத்தவன்
ஷெல்லின் முதுகைத் துடைக்கவில்லை.
ஜர்னலை நகத்தால் வருடினேன், கீறலில்லை.
மணலை நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தேன்.
ஏன் என்று தெரியவில்லை.
கரகரத்தது.

மறுநாள் லீவு. பாண்டி. புது ஷெல் செட்.
திரும்புகையில் அதே கான்ஸ்டபிள்.
டப்பாவைச் சட்டைக்குள் வைத்திருந்தேன்.
புடைப்பைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார்.
"கார்க்காரர்தானே. ஓடுதா?"
சொல்லியிருக்கலாம்.
உங்கள் மூட்டையிலிருந்து ஒரு மணல்
ஒரு ராத்திரி முழுக்க என் என்ஜினைப் பிடித்து வைத்திருந்தது,
ஜாமீனில் எடுக்க எழுநூறு ரூபாய் ஆனது என்று.
"இன்னும் இல்ல சார்" என்றேன்.

அன்று இரவு முதுகும் வயிறும் துடைத்தேன்.
டிக். டிக். டிக்.
ரெஞ்சைக் கையில் எடுக்கவே இல்லை.
அஞ்சலாட்சி கையைத் துடைத்துக்கொண்டு வந்து
எதிரெடையை ஒற்றை விரலால் தள்ளினாள்.
அது போய்
அடியில் மறைந்து
மறுபக்கம் ஈரமாய் எழுந்து வந்து
தயங்கி நின்றது.
"இவ்ளோதானா?"
"இவ்ளோதான்."
இன்னொரு தடவை தள்ளினாள்.