நான்கு மடிப்பு

பத்துக்கு ஒரு பங்கு மாட்டெலும்புப் பசை,
மீதி ஒன்பதும் கொள்ளிடத்துத் தண்ணீர்.
காய்ச்சி, நுரை வழித்து, அச்சில் ஊற்றி
நாகூர் ஐஸ் ஃபேக்டரியில்
இறால் பெட்டிகளுக்கு நடுவே
இரண்டு இரவு உறைய வைத்தோம் உடம்பை.

உடம்பு என்று சொல்லக் கூடாது.
படிவத்தில் அதன் பெயர் கட்டி.

வெட்டாற்றுக் கரையில்
சீமைக்கருவேலத்தை வழித்தெடுத்த திடலுக்கு
ஐந்தரைக்கே வந்துவிட வேண்டும்.
ஏழுக்கு மேல் கட்டி வியர்க்கும்.
வேகமானியின் கண்ணில் வெயில் விழுந்து
தோட்டா போகாமலே எண் காட்டும்.

சிவப்புப் பெட்டி. கூடுதல் அழுத்தம்.
சாதாரணத் தோட்டாவின் அதே உயரம், அதே இடுப்பு,
'உள்ள மட்டும் கோவம் ஜாஸ்தி'
என்பார் ஆயுதக்கூடத்து சிக்கந்தர்பாட்சா.
தெறித்து விழும் கூட்டைச் சூட்டோடு பொறுக்கி
பின்புறத் தொப்பியைக் கட்டைவிரலால் தடவுவார்.
விளிம்பு மழுங்கித் தட்டையாகியிருந்தால்
'மூச்சு முட்டுது இதுக்கு.'
நான் எழுதிக்கொள்வேன்:
அழுத்தக் குறி உண்டு.

முந்நூற்று எண்பத்தொன்று.
முந்நூற்று எழுபத்தாறு.
ஐம்பது டிகிரியில் வாட்டி எடுத்தது
நானூறைத் தொட்டது.
சித்திரை மதியத்தில்
ஜீப்புக்குள் மறந்து வைத்த தோட்டா
எப்படி நடந்துகொள்ளும் என்பதற்காக அது.

பிறகு துணி.
விதிப்படி கட்டியின் முன்னால்
நான்கு மடிப்பு, கனத்த ஜீன்ஸ்.
எந்தக் குளிர் தேசத்தில் உட்கார்ந்து எழுதினார்களோ.
நாகப்பட்டினம் கடைத்தெருவில்
மீட்டர் முந்நூறுக்கு வாங்கி வந்திருந்தேன்.

முதல் குண்டு
மூக்குக் குழியில் நீல நூல் அடைத்துக்கொள்ள
விரியாமல், நிற்காமல்
இரண்டு கட்டிகளையும் கடந்து
மண்மேட்டில் போய்ப் புதைந்தது.
இரண்டாவதும் அப்படியே.
மூன்றாவதும்.
தோல்வி என்று எழுதப் பேனாவைத் திறந்தேன்.

'இங்க யாரும்மா இவ்வளவு தடியா உடுத்துறாங்க?'

ஆய்வாளர் தையல்நாயகி கேட்டார்.
கேள்வியில் தப்பே இல்லை.

ஓட்டுநர் மாசிலாமணியைக் கூப்பிட்டுத்
துண்டைக் கேட்டார்.
துவைத்துத் துவைத்து இளைத்த துண்டு.
ஓரத்தில் இரண்டு கருக்காய் ஒட்டியிருந்தது,
நேற்று அறுப்பு மிஷினுக்குப் பின்னால் நின்றிருக்கிறார்.
அவரே நாலாய் மடித்தார்.
அவரே கிளிப் மாட்டினார்.
நேராக இருக்கிறதா என்று
ஒரு கண்ணை மூடிப் பார்த்துவிட்டு
ஒதுங்கிக்கொண்டார்.

நாலாவது குண்டு.
கட்டி ஒருமுறை விம்மி அடங்கியது.

கத்தி போட்டுப் பிளந்தோம்.
இருபத்தொன்பது சென்டிமீட்டரில்
நின்றிருந்தது.
பருத்திக்காய் வெடித்த மாதிரி
ஆறு பிளவு, ஒன்றுக்கொன்று பிசகாமல்.
உள்ளே எங்கோ ஒரு பழுப்பு நூலிழை,
கூடவே பாதிக் கருக்காய்.
'அழகு' என்றார் சிக்கந்தர்பாட்சா.
பிறகு புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

மாசிலாமணி துண்டை உதறி விரித்து
வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தார்.
'ஒரு வெடிதானே வெடிச்சீங்க, நாலு ஓட்டை?'
மடிப்பின் கணக்கைச் சொல்ல வாயெடுத்தேன்.
அதற்குள் அதைத் தலையில் சுற்றிக்கொண்டு
வண்டியைக் கிளப்பியிருந்தார்.

துணி வகை: துண்டு, பருத்தி, பயன்படுத்தியது.
செயல்திறன்: திருப்தி.
குறிப்பு என்ற கட்டம்
பெரிதாகத்தான் இருந்தது.

புதுத் துண்டு ஒன்று வாங்கிக் கொடுத்தேன்,
நூற்று நாற்பது ரூபாய், ரசீதுடன்.
கணக்குப் பிரிவில் கேட்கிறார்கள்
எந்தத் தலைப்பில் போட?
சீருடையா, போக்குவரத்தா,
இலக்குப் பொருளா?
மூன்று வாரமாய் அந்தக் கோப்பு
என் மேஜையில் கிடக்கிறது.

பழையதைத்தான் இன்னும் போட்டுக்கொண்டு வருகிறார்.
முன்னால் அவர், பின் சீட்டில் நான்.
திருவாரூர் ரோட்டில்
வயல் காற்று உள்ளே ஏறும்போதெல்லாம்
கண்ணாடியை ஏற்றச் சொல்கிறேன்.