பென்சிலால் எழுதிய கிழமைகள்

பீல் நகரில், ரயில் பாதைக்குப் பின்னால்,
ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் தொழிற்சாலையில்
பதினொரு வருஷம்
மற்றவர்களின் கிழமைகளை எழுதினேன்.
நாற்பத்து மூன்று பெயர்கள், ஏழு பெட்டிகள்.
எப்போதும் பென்சில்.
மை என்பது வாக்குறுதி,
எங்களுக்கு அது கட்டுப்படியாகாது.

வெள்ளி மத்தியானம் ஒட்டுவேன்,
சனி இரவு அழிப்பேன்,
ஞாயிறு விடிய ஐந்துக்கு ரெலிபோன் எடுப்பேன்.
"ஷ்ப்ரேசா, வர ஏலுமா? ஒருத்தருக்குக் காய்ச்சல்."
அது கேள்வி இல்லை என்று
அவளுக்கும் தெரியும்.
அந்தப் பக்கத்து மௌனத்தில்
ஒரு குழந்தை சிணுங்கி அடங்கும்.
பிறகு, "வாறன்."

மாசியில் புது முகாமையாளர் வந்தார், ரூக்டி.
முந்தியவர் எங்களுக்கு ஆப்பிள் பெட்டி தந்தவர்,
யோகா வகுப்பும் தந்தவர்.
ஆப்பிள் பகல்காரருக்கு;
யோகா நடக்கும்போது
நாங்கள் ஈரத்துணி இழுத்துக்கொண்டிருந்தோம்.
இவர் ஆளுக்கொரு துண்டுத்தாள் நீட்டினார்.
"எந்த மணித்தியாலம் உங்களுக்குத் திரும்ப வேணும்?
ஒன்றே ஒன்று எழுதுங்கள்."

சிரித்தோம்.
கடிகாரம் செய்து உலகத்துக்கு அனுப்புகிற ஊர்.
இங்கே ஒரு மணித்தியாலத்தை
யாராவது சும்மா தருவார்களா?

தாள்கள் என்னிடம்தான் வந்தன.
ஷ்ப்ரேசா: காலை ஆறரை, மகளுக்குத் தலை பின்ன.
கிராசா: புதன் பின்னேரம் நாலு.
பிராகாவில் அம்மாவுக்கு ரத்தம் சுத்திகரித்து முடியும் நேரம்,
அப்போதுதான் அவள் கதைப்பாள்.
தெஸ்பாய்: நித்திரை. எந்த மணி என்றாலும் சரி,
ஆனால் இரண்டு, பக்கத்தில் பக்கத்தில்.
கௌரிமலர் 'ஒன்றுமில்லை' என்று எழுதி, அதை வெட்டி,
கீழே பொடி எழுத்தில்:
ஏரிக்கரையில் ஒரு மத்தியானம். தனிய.
தவசீலன் வெறுந்தாளை மடித்துத் தந்தான்.
நான் என்னுடையதை
பொக்கெற்றில் வைத்தபடி மறந்து
உடுப்போடு தோய்த்துவிட்டேன்.

இயந்திரம் ஏன் நாலு மணிக்குத் தொடங்குகிறது?
அதுவரை ஒருவரும் கேட்டதில்லை.
ஆஸ்பத்திரியைக் கேட்டார், அவர்களுக்கும் தெரியவில்லை.
ஐந்தரைக்குத் தொடங்கிப் பார்த்தோம்,
நோயாளிகள் காய்ந்த விரிப்பில்தான் படுத்தார்கள்.
காய்ச்சல்காரருக்கு மாற்றாக
இரண்டு பேரைக் கூடுதலாக எடுத்தார்.
மேலிடத்துக்கு அந்தக் கணக்கை எப்படிச் சொன்னாரோ,
கூட்டத்தால் வரும்போது காதிரண்டும் சிவந்திருந்தன.
என் மேசையில் ஒரு பேனையை வைத்தார்.
"இனி நாலு கிழமை முன்னதாக. மையால்.
லீவில் நிற்பவரை யாரும் கூப்பிடக் கூடாது.
நீங்களும்தான்."

முதல் ஞாயிறு
ஐந்து மணிக்கே விழிப்பு வந்தது.
கூப்பிட ஆளில்லாத கை
கொஞ்சம் கட்டிலில் தடவிப் பார்த்தது,
பிறகு தலையணை உறையைக் கழற்றி
நாலாக மடித்து வைத்தது.

எல்லாம் நல்லபடி முடிந்தது என்று எழுத ஆசைதான்.
தவசீலன் தனக்குக் கிடைத்த மூன்று மாலைகளையும்
ஸ்டேஷனடி ரெஸ்ரோரண்டில்
கோப்பை கழுவ விற்றுவிட்டான்.
"அக்கா, எனக்கு நேரம் குறைவில்லை, காசு குறைவு.
அதை அந்தத் தாள் கேட்கேல்லையே."
ரூக்டியிடம் சொன்னேன்.
வெளியே ஒரு சரக்கு ரயில் போய் முடியும்வரை
பேசாமல் இருந்தார்.
"அது அடுத்த தாள்" என்றார்.
இன்னும் வரவில்லை.
ஒவ்வொரு வெள்ளியும்
அட்டவணையோடு சேர்த்து
அதையும் கேட்டுவிட்டுத்தான் வருகிறேன்.

நேற்று, துணி மடிக்கும் மேசையில்,
ஷ்ப்ரேசா ஒரு படம் காட்டினாள்.
பள்ளிக்கூட வாசல், பின்பக்கமாய் ஒரு சின்னத் தலை.
இரண்டு பின்னல்.
ஒன்று காதுக்கு மேலே, மற்றது கழுத்தடியில்,
நடு வகிடு ஆறு மாதிரி வளைந்து போகிறது.
"எனக்கு இன்னும் பழக்கமில்லை" என்றாள்,
படத்தைப் பெரிதாக்கி
இன்னொரு தரம் காட்டினாள்.