சாவி யாரிடம்

ஜெர்மேன் வீட்டுச் சாவி
பதினோரு வருஷமாய் எங்கள் ஃப்ரிட்ஜின் தலையில்
ஒரு மருந்து டப்பாவுக்குள் கிடக்கிறது.
காரைக்கால் காற்றில் இரும்பு எதுவும்
சும்மா இருப்பதில்லை.
மாசம் ஒருமுறை தேங்காய் எண்ணெய் தடவுகிறேன் சாவிக்கு.
என் தலைக்குக்கூட அத்தனை ஒழுங்கு கிடையாது.

பாரீஸிலிருந்து அவர்கள் வருவது
ஆகஸ்டில் பதினெட்டு நாள்.
மற்ற நாளெல்லாம் அந்த வீட்டுக்கு
நான்தான் ஆகஸ்ட்.
குழாயைத் திறந்து
செந்தண்ணீர் வெளுக்கும்வரை நிற்பேன்.
கழிவறையில் ஒரு வாளி ஊற்றுவேன்;
விட்டால் வளைகுழாய் வறண்டு
சாக்கடை வாசம் கூடத்துக்கு வந்து உட்கார்ந்துகொள்ளும்.
கஜா புயல் ராத்திரியில்
எங்கள் தகரம் பறந்த சத்தத்தைவிட
அவர்கள் மாடி ஜன்னல் அடித்துக்கொண்டதுதான்
என்னைத் தூங்கவிடவில்லை.

இப்போது நாங்கள் வாங்கப் போகிறோமாம்.
ஐஸ் பேக்டரி நன்றாக ஓடுகிறது,
திருநள்ளாறு ரோட்டு மனை நல்ல விலைக்குப் போனது.
வெளிநாட்டில் ஒரு வீடு, லீவுக்கு,
என்று சௌரிராஜன் சொல்லும்போதே
குரலில் ஏசி ஓடுகிறது.

சாப்பாட்டு மேசையில் மூன்று நாடு.
நீர்கொழும்பு, பக்கம்.
பதூமி, பதினேழாவது மாடி, கருங்கடல்,
விலை மலிவு,
எவ்வளவு மலிவென்றால் சௌரிக்கே சந்தேகம்.
தவிரா, போர்ச்சுகலில்.
ஆற்றுமுகம், உப்பளம், சூரைமீன்.
'உப்பளம் பார்க்க ஒன்பதாயிரம் கிலோமீட்டரா?
வேதாரண்யம் பஸ் ஏறினால் ஆச்சு' என்றேன்.
யாரும் சிரிக்கவில்லை.

வீடியோவில் முகவர்கள் கதவு கதவாய்த் திறந்தார்கள்.
சௌரி வரி கேட்டார். மகன் நிரஞ்சன் நெட் வேகம் கேட்டான்.
ஆற்றில் வெள்ளம் வந்தால்
எத்தனை படி முழுகும் என்று நான் கேட்டேன்.
அரசலாற்றங்கரையில் இருந்துகொண்டு
இதைக்கூடக் கேட்காவிட்டால் எப்படி?
பிறகு கேட்டேன்: 'நாங்கள் இல்லாதபோது?'
கம்பெனி இருக்கிறதாம்,
மாசம் நூற்றிருபது யூரோ,
செயலியில் அறிக்கை வருமாம்.
செயலிக்கு மூக்கு உண்டா?
அதை நிரஞ்சன் மொழிபெயர்க்கவில்லை.

பதூமியில் நீள வராந்தா, ஒரே நிறக் கதவுகள்.
எல்லாரும் நம்மைப் போல லீவுக்காரர்களாம்.
முந்நூறு பூட்டு.
எண்ணெய்க் கை ஒன்றுகூட இல்லை.
நீர்கொழும்புக் காவலாளி
'ஒண்ணும் பிரச்சினை இல்ல மேடம்' என்று
மூன்று தடவை சொன்னார்.
மூன்று தடவை சொன்னால் பிரச்சினைதான்.

தவிராவில் படம் ஆடியது.
முகவர் ஓட்டுக் கூரையைக் காட்டிக்கொண்டிருக்க,
பின்னால், அடுத்த மாடியில், ஒரு பெண்,
என் வயதுதான் இருக்கும்,
போர்வை உதறிக்கொண்டிருந்தாள்.
உதறுவதை நிறுத்தி
யார் வீட்டில் யார் என்பதுபோல
போனையே முறைத்தாள். ஏதோ கத்தினாள்.
முகவர் அசட்டுச் சிரிப்பு சிரித்தார்.

'என்னவாம்?'
'பின்கதவைச் சாத்தாமல் போய்விடுகிறாராம்.
போன வாரம் மழையில்
அந்தம்மாதான் வந்து சாத்தினாராம்.'

'இந்த வீடு' என்றேன்.
'குளியலறையே இன்னும் பார்க்கலையே?'
'இந்த வீடுதான்.'

ராத்திரி தூக்கம் வரவில்லை.
வாங்குவது வீட்டை அல்ல,
ஒருத்தியின் மழைநாள்களை என்று பட்டது.
ஜெர்மேன் ஒவ்வொரு ஆகஸ்டும்
ஒரு பெட்டி சாக்லேட் தருவாள்.
சாக்லேட் நல்ல சாக்லேட்தான்.
ஒரு நாளும் அவள் கேட்டதில்லை
அந்த ஜன்னல் எத்தனை மணிவரை அடித்தது என்று.
நானும் சொன்னதில்லை.

காலையில் நிரஞ்சனைக் கேட்டேன்:
சாவிக்கு அங்கே என்ன சொல்?
தேடிப் பார்த்து, 'ஷாவ்' என்றான்.
நம் சாவியே அங்கிருந்து
கப்பலில் வந்ததுதானாம்.
ஜன்னலும் அப்படியாம், மேசையும்.

பாதிப் பேச்சு முடிந்த மாதிரிதான்.
எண்ணெய்க்கும்,
உனக்குச் சிரமமில்லையா என்பதற்கும்
சொல் தேட வேண்டும்.