ஏர்த் கம்பி

அன்ரனிதாஸின் கேம் பெட்டி
நூற்றிப்பத்து வோல்ற் நாட்டில் ஓடினது.
ஸ்காபரோவில் மச்சான் கடை பூட்டினபோது
இரண்டு மெத்தைக்கு நடுவில் படுத்து
மாங்குளம் சந்தி வந்து சேர்ந்தது.

பின்னேரம் அரிசி ஆலை தொடங்கினால்
படம் நாலு பக்கமும் ஒடுங்கும்.
ஆலை நின்றால் வீங்கும்.
விண்கலம் சுடுகிற பெடியன்
கறுத்த விளிம்பைச் சுட்டுவிட்டு
காசைத் திருப்பித் தா என்பான்.

பின்மூடியைக் கழற்றினேன்.
முதலில் குழாயில் நிற்கிற கரண்டை இறக்கவேண்டும்.
வயர் கட்டின திருப்புளியை
ரப்பர் தொப்பிக்குள் நுழைத்தேன்.
டிக்.
மூன்று நாளைக்கு முன் நிற்பாட்டினது.
இன்னும் வைத்திருந்தது.

கப்பாசிற்றர்கள் தலை வீங்கிப்போய்.
சோக்கட்டி போல ஒரு வெள்ளை ரெசிஸ்ரர்
மிஞ்சின வோல்ற்றை எல்லாம் சூடாக்கித் துப்பித் துப்பி
போட்டைத் தோசைக்கல் ஆக்கியிருந்தது.
அந்தப் பகுதியையே வெட்டி எடுத்தேன்.
பதிலுக்கு உள்ளங்கை அகலத்தில் புதுசு:
தொண்ணூறு வந்தாலென்ன, இருநூற்றறுபது வந்தாலென்ன,
வெளியே நூற்றிருபதுதான் விடுவேன் என்று
அட்டையில் எழுதியிருக்கிறது.
அட்டையை நம்பி மொனிற்றரைக் கொடுப்பேனா.
அறுபது வோற்ஸ் குமிழ் ஒன்றைப் பூட்டி
ஆலை தொடங்கும்வரை காத்திருந்தேன்.
குமிழ் இமைக்கவில்லை.

"ஏர்த் அடிக்காமல் தரமாட்டன்" என்றேன்.
"பிள்ளையள் பிடிக்கிற இரும்பு."

கடைக்குப் பின்னால், ஐந்தடிச் செப்புக்கம்பி.
இரண்டாவது அடியில்
டங்.

அன்ரனிதாஸ் சம்மட்டியை
நித்திரைப் பிள்ளையைக் கிடத்துவதுபோல
நிலத்தில் வைத்தான்.
றோட்டில் வவுனியா பஸ் ஹோண் அடித்துக்கொண்டே போனது.
"துப்புரவாக்கின காணியெண்டு கடிதம் இருக்கு,
பிறேம் போட்டு வைச்சிருக்கிறன்" என்றான்,
என்னிடம் இல்லை, கம்பியிடம்.
வந்த அடியிலேயே அடி வைத்துப்
பின்னுக்கு நடந்தோம்.

மறுநாள் வந்த இருவர்
முழங்காலில் நின்று தூரிகையால் கூட்டினார்கள்.
நீலத் தறப்பாள். அதற்குள் உரப்பை.
அதற்குள் கிறீஸ் பூசின
சின்ன ஜெனரேற்றர் ஒன்று.
கைபிடியில் சீலைத்துண்டால் மூன்று முடிச்சு,
அவசரத்தில் போட்ட முடிச்சில்லை.

தோண்டின குழியை வீணாக்கவில்லை.
கரி, உப்பு, ஒரு வாளி தண்ணீர்,
நடுவில் கம்பி.

இப்போது ஆலை ஓடுகிறது,
படம் நாலு மூலையிலும் நிற்கிறது.
பெடியன் செத்தால் அது அவன் பிழை.
எவரோ அங்கே எடுத்த உச்சப் புள்ளி மட்டும்
திரையில் எரிந்து பதிந்து கிடக்கிறது.
நிற்பாட்டினாலும் தெரியும்.
அதற்கு என்னிடம் பாகம் இல்லை.

ஜெனரேற்றர் கல்லாவுக்குப் பக்கத்தில்.
அடையாளம் சொல்லி எடுக்கலாம் என்று
மட்டை தொங்குகிறது.
வருகிறவர்கள் என்னைத்தான் கேட்கிறார்கள்:
கயிறு இழுத்துப் பார்த்தனீங்களோ,
வேலை செய்யுதோ?

இழுக்கவில்லை.
முடிச்சையும் அவிழ்க்கவில்லை.