நாற்பத்தொன்றேகால்

பதினெட்டுப் பெட்டி சிவப்பு ஓக்.
இறக்கிய அன்றே அடிக்கக் கூடாதாம்.
பெட்டியைப் பிரித்து அறையிலேயே
ஒரு வாரம் சும்மா கிடக்க விட வேண்டும்.
இந்த வீட்டின் ஈரம் எவ்வளவு, சூடு எவ்வளவு என்று
மரம் பழகிக்கொள்ளுமாம்.

எனக்கு யாரும் ஒரு வாரம் தரவில்லை.
மிரமிச்சி ஆறு உறைந்து கிடந்த மார்ச்சில்
இரண்டு சூட்கேசோடு வந்தேன்.
அன்று இரவே சமைத்தேன்.

லோர்னுக்கு ஆல்பர்ட்டாவில் எண்ணெய் வயல்.
மூன்று வாரம் அங்கே, ஒரு வாரம் இங்கே.
மீதி நாளெல்லாம் நானும் அவன் மகனும்.
டேவிஷுக்குப் பதினேழு. அளந்து பேசுவான்.
காலையில் ஒரு ம். இரவில் ஒரு ம்.

கம்பளத்தை உரித்தேன்.
ஆயிரத்துச் சொச்சம் ஸ்டேபிளை
இடுக்கியால் பிடுங்கினேன்.
அடியில் புதையல் ஏதுமில்லை:
தூசி, ஒரு பச்சை லெகோ.
கழுவி அவன் கதவோரம் வைத்தேன்.
மறுநாள் அங்கே இல்லை.

எல்டன் சவோயிடம் இரவல் வாங்கிய ஈரமானி
அடித்தளம் பத்து, மரம் எட்டு என்றது.
போதும்.

சனிக்கிழமை, வாடகைக்கு
ஆணியடிப்பான், கம்ப்ரஸரோடு.
நாளுக்கு அறுபத்திரண்டு டாலர்,
மாலை ஐந்துக்குள் திரும்ப வேண்டும்.
மற்றதெல்லாம் சொந்தம்:
முட்டிக்கு மெத்தை, சுண்ணாம்பு நூல், தட்டுக்கட்டை,
தார்க்காகிதம் இரண்டு சுருள்,
எதற்கென்று தெரியாமல் வாங்கிய
ஒரு வளைந்த இரும்பு.

"ரம்பம் நான்" என்றான், கேட்காமலே.
கராஜுக்குப் போனான்.

ஒவ்வொரு பலகைக்கும் ஒரு பக்கம் நாக்கு,
மறுபக்கம் காடி.
நாக்கைக் காடிக்குள் தட்டி, சாய்வாய் ஆணி இறக்கி,
ஜன்னல் வழியே கத்துவேன்:
இருபத்தெட்டே முக்கால்!
இருபத்தெட்டே முக்கால், என்று திரும்பி வரும்.
முப்பத்தாறே அரைக்கால்!
முப்பத்தாறே அரைக்கால்.
ரம்பத்தின் அலறல், பிறகு பலகை,
அதன் பின்னால் மரத்தூள் படிந்த புருவம்.
இரண்டு வருஷத்தில் பேசாததை
மதியத்துக்குள் பேசிவிட்டோம்,
எல்லாம் அங்குலத்தில்.

நாற்பத்தொன்றேகால் என்று கத்தினேன்.
நாற்பதேகால் வந்தது.
வாசலிலேயே நின்றான்.
"என் தப்பு."
"உள்ளறைக்கு ஆகும்" என்றேன்.
துணி தொங்கும் இருட்டில் யார் பார்க்கப்போகிறார்கள்?
மூன்று மணிக்குள் அப்படி ஏழு பலகை.
நான்கு என்னுடையவை.

சுவரோரம் முக்கால் அங்குலம் விட்டிருந்தேன்.
"இது எதுக்கு?"
"ஜூலையில் மரம் உப்பும்.
இடமில்லாவிட்டால் நடுவில் புடைத்துக்கொள்ளும்."
கொஞ்ச நேரம் பார்த்தான்.
"அப்பா லீவில் வந்த மாதிரி."
நான் சிரித்ததில்
ஆணி ஒன்று கோணலாய் இறங்கிவிட்டது.
இன்னும் அங்கேயே இருக்கிறது.

கடைசி வரிசைக்குச் சுவர் இடித்தது, கருவி நுழையவில்லை.
அப்போதுதான் புரிந்தது வளைந்த இரும்பு எதற்கென்று.
அவன் இழுக்க, நான் கையால் அடிக்க,
மணி நாலே முக்கால்.

கருவியை மடியில் வைத்துக்கொண்டான்.
பாலத்தில் ஒரு மரலாரி முன்னால் ஊர்ந்தது.
கடைக்குள் நுழைந்தபோது ஐந்து பன்னிரண்டு.
இன்னொரு நாள் கணக்கு என்றார் கவுண்டரில் இருந்தவர்,
கடிகாரத்தைக் காட்டி.

நான் பர்ஸைத் திறந்தேன்.
டேவிஷ் கருவியைக் கவுண்டரில் வைக்கவே இல்லை.
"அப்போ நாளை அஞ்சு மணி வரைக்கும்
இது எங்களுது" என்றான்.

திரும்பும் வழியெல்லாம் மழை.
வீட்டில் அடிக்க மரம் இல்லை.
பதினெட்டுப் பெட்டியும் தீர்ந்துவிட்டது,
அந்த ஏழைத் தவிர.

"உள்ளறை என்ன அகலம்?" என்று கேட்டான்.
தெரியாது என்றேன்.
டேப் அவன் பையில்தான் இருந்தது.