ஒரு மணி, இருமுறை

கேட்டது ஒன்று.
புதிய ஆக்சிஜன் மானியின் அளவுகளைத்
திரையில் கோடாக வரைய
ஒரே ஒரு பொதி.
நிறுவு என்றாள் ரன்வா.
முந்நூற்றுப் பதினேழு வரும், சம்மதமா
என்றது கறுப்புத் திரை.

பெண் பார்க்க நாலு பேர்தான் என்று சொல்லிவிட்டு
வேன் பிடித்து வந்து இறங்குவார்களே, அப்படி.
வண்ணத்துக்கு ஒன்று, வண்ணங்களின் பெயருக்கு இன்னொன்று,
நிமிடத்தை நொடியாக்க மட்டும்
பராகுவேயில் யாரோ எழுதிய பதினோரு வரி.

சரி என்று தட்டினாள்.
மூன்று புள்ளிகள் தோன்றி மறைந்து தோன்றின.

இந்த இடத்தில் நான் சொல்லியாக வேண்டும்:
அவள் இருக்கும் ஃபேரோ தீவுகளைத்
தமிழில் எழுத எனக்கு ஆய்தம் தேவைப்படுகிறது.
மூன்று புள்ளி. சார்பெழுத்து.
தனியே நிற்காது, சொல்லின் முதலில் வராது
என்று இலக்கணம் பூட்டி வைத்ததை
முதலில் நிறுத்தி, துணைக்கு ஒரு பகரம் வைத்து
ஒப்பேற்றியிருக்கிறேன்.
எதுவும் உடையவில்லை.
இதுவரை.

ரன்வாவுக்கு உடைந்தது.
சிவப்பில் எட்டு வரி, சாரம் இது:
மானிக்கு நேர நூலகம் நான்காம் பதிப்பு வேண்டும்;
தீவனம் ஊதும் நிரலுக்கு இரண்டைத் தாண்டக் கூடாது;
இருவரும் ஒரு வீட்டில் இருக்க மாட்டார்கள்.

பூட்டுக்கோப்பைத் திறந்தாள்.
இரண்டு புள்ளி மூன்று என்பதன் அருகே
ஹெய்னியின் குறிப்பு:
ஏற்றாதே. காரணம் நாளை சொல்கிறேன்.

நாளை என்று எழுதி நாலு வருஷம்.
ஹெய்னி இப்போது டென்மார்க்கில், இரட்டைக் குழந்தைகளோடு.

வெளியே கிளாக்ஸ்விக் துறை,
பக்கவாட்டில் பெய்யும் மழை.
கடலில் எட்டு வளையம்,
வளையத்துக்கு எண்பதாயிரம் சால்மன்.

இரவு பதினொன்றுக்கு அழைத்தாள். அங்கே பன்னிரண்டு.
நினைவில்லையே என்றான்.
பால்புட்டி குலுக்கும் சத்தம்.
பிறகு, வைக்கப் போகும்போது:
இரு, இரு. அக்டோபர்.
அந்த வருஷம் மீன் இரண்டு தடவை தின்றது.

நாட்காட்டியைப் பார்த்தாள்.
அக்டோபரின் கடைசிச் சனி.
இன்னும் மூன்று மணி நேரத்தில் கடிகாரம் பின்வாங்கும்.
ஒன்றிலிருந்து இரண்டுக்கு ஓடிய மணி
திரும்பி வந்து இன்னொரு முறை ஓடும்.
புதுப் பதிப்புக்கு அது
இன்னொரு ஒன்றரை, இன்னொரு வேளைச் சோறு.

ஏற்றவில்லை அவள். இறக்கவுமில்லை.
பழையதை இருந்த இடத்தில் விட்டு
புதிதுக்குத் தனிக்குடித்தனம் வைத்தாள்:
தனி அடைவு, தனி நூலகம், தனி அடுப்பு.
முந்நூற்றுப் பதினேழு பேரும்
பெட்டி படுக்கையோடு குடியேறினார்கள்,
பராகுவேக்காரரின் பதினோரு வரி உட்பட.

பச்சைக் கோடு அசைந்தது.
ஆனாலும் வீட்டுக்குப் போகவில்லை.

முதல் ஒன்றரைக்கு ஊதுபொறி உறுமிற்று,
குழாய்களில் தீவனம் கடகடத்தது.
இரண்டாம் ஒன்றரைக்குக் காபி ஆறியிருந்தது.
காற்று மட்டும்.
எதுவும் நடக்காததை
ஒரு நிமிடம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஹெய்னியின் வரிக்குக் கீழே எழுதினாள்:
மணி திரும்பும், பசி திரும்பாது.
படித்துப் பார்த்துக் கூச்சப்பட்டு அழித்தாள்.
அக்டோபர் கடைசி ஞாயிறு, 01:30 இருமுறை வரும்,
மீன் இருமுறை தின்னும், ஏற்றாதே
என்று வைத்தாள்.
கீழே தேதி,
தன் தொலைபேசி எண்.