மூன்றாவது முனை

பாம்பன் தெற்குவாடி. கச்சான் ஓய்ந்த ராத்திரி.
பகலில் கம்பம் ஏறுகிற எனக்கும் நம்புவேலுக்கும்
இருப்பது ஒரே குறடு.
ஒயர் நறுக்குவதும் அதுதான்,
மீன் வாயில் நுழைவதும் அதுதான்.

லைன் செத்துவிட்டது என்று
எவன் சொன்னாலும் நம்பக் கூடாது,
எர்த் கம்பி தொட்ட பிறகுதான் விரல்.
சாவாளைக்கும் அதே சட்டம்.
தகரக் கீற்றாக மணலில் கிடக்கும், கண் வெளிறி.
விரலை நீட்டினால் கரண்ட் வரும்.

அன்று வந்தது ஊளி.
கீழ்த்தாடை துருத்தி,
பிளேடை ஒடித்து நட்டது போலப் பல்.
நனைத்த சாக்கைப் போர்த்தி
செவுளுக்குப் பின்னால் அழுத்திப் பிடித்தேன்.
செவுளுக்குள் கை விடவில்லை.
நரம்பைப் பிடித்துத் தூக்கவில்லை.
டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு
(எனக்கும் பல் உண்டு)
குத்திய வழியிலேயே திருப்பி எடுக்கப் போனேன்.
எல்லாம் சரியாகத்தான் செய்தேன்.

தும்மல் வந்தது.

மூன்று முனைத் தூண்டில்.
ஒன்று அதன் தாடையில்.
ஒன்று என் கட்டைவிரலில்.
மூன்றாவது சும்மா இருந்தபடி
எங்கள் இருவரையும் பார்த்தது.

அது உதற, நான் துடித்தேன்.
நான் இழுக்க, அது துடித்தது.
ஐ.டி.ஐ.யில் இதற்குத் தொடர்சுற்று என்று பெயர்:
ஒரே கம்பி, இரண்டு பல்பு.

"அசையாதே" என்றான் நம்புவேல்,
என்னிடமா மீனிடமா தெரியவில்லை.
இரண்டு பேரும் அசையாமல் இருந்தோம்.
அந்த இடைவெளியில் நடுத்தண்டை வெட்டினான்.
டக்.

"முதல்ல யாருக்கு எடுக்க?"
"அதுக்கு எடு. மூச்சு வாங்குது."
"உனக்கும்தான்டா வாங்குது."

எடுத்தான். முழங்கால் தண்ணீரில் விட்டான்.
கொஞ்ச நேரம் எதையோ யோசிப்பது போல நின்றது,
பிறகு அந்த இடம் வெறும் தண்ணீர்.
திரும்பிப் பார்க்கும் என்று
நான் எதிர்பார்த்திருக்கக் கூடாது.

ஆஸ்பத்திரியில் சிஸ்டர் மெர்சிலின்
விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
"எதிர்முள் இருக்கே. வந்த வழியே போகாது."
மரக்க ஊசி போட்டு, முன்னால் தள்ளி,
தோலுக்கு வெளியே முனை எட்டிப் பார்த்ததும்
எங்கள் குறட்டையே ஸ்பிரிட்டில் முக்கி வாங்கி நறுக்கினாள்.
"மீனு எங்க?"
"விட்டுட்டோம்."
"கதை."

இன்று காலை, கட்டுப் போட்ட விரலோடு
பெட்டியில் இருந்த தூண்டில்களை எல்லாம் கொட்டி
ஒவ்வொரு எதிர்முள்ளையும் குறட்டால் நசுக்கினேன்.
நாற்பத்தியொன்று.
"கடிச்ச மீனெல்லாம் நழுவிரும்டா" என்றான் நம்புவேல்.

நழுவட்டும்.
நானும் நழுவணும்ல.